ஜான் ஆடம்ஸ்: சமாதானம் செஞ்சவரா, வாய்ப்பூட்டு போட்டவரா?

வரலாற்றுப்பித்தன் (திரி தொடங்கியவர்)

பக்கத்துத் திரியில அமெரிக்க அதிபர்கள் பத்திப் பேச்சு ஓடினப்போ, ரெண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸை ஒருத்தர் "வாஷிங்டனுக்கும் ஜெஃபர்சனுக்கும் நடுவுல விட்ட இடைவேளை"னு ஒரே வரியில தள்ளிட்டுப் போயிட்டார். மனசு கேக்கல. அதான் தனித் திரி.

சுருக்கமா பின்னணி. 1794-ல அமெரிக்கா பிரிட்டனோட ஒரு ஒப்பந்தம் போட்டதுல பிரான்ஸுக்குக் கடுப்பு. முன்னூறுக்கும் மேல அமெரிக்கச் சரக்குக் கப்பல்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. 1797-ல பதவிக்கு வந்த ஆடம்ஸ் பேசித் தீர்க்க மூணு தூதர்களை பாரிஸுக்கு அனுப்பினார். அங்க வெளியுறவு மந்திரி தாலேராண்டோட ஆளுங்க, "மந்திரியைப் பாக்கணும்னா முதல்ல ஐம்பதாயிரம் பவுண்டு வெட்டுங்க, அப்புறம் பிரான்ஸுக்குப் பெரிய கடன் குடுங்க"ன்னாங்க. ஆடம்ஸ் அந்தக் கடிதங்களை வெளியிட்டார். இடைத்தரகர்கள் பேரை மறைச்சு எக்ஸ், ஒய், இசட்னு போட்டாங்க. நாடே கொதிச்சுது. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு கைத்தட்டல் வாங்கினது அந்தச் சில மாசம்தான்.

போர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொந்தக் கட்சியில ஹாமில்டன் புதுப் படையோட தயாரா நிக்கிறார். ஆனா 1799 பிப்ரவரி 18-ஆம் தேதி, மந்திரிசபையைக் கேக்காமலே, பிரான்ஸுக்கு மறுபடி தூதர் போறார்னு செனட்டுக்கு எழுதி அனுப்பிட்டார் மனுஷன். கட்சியே ஆடிப்போச்சு. 1800 செப்டம்பர் 30-ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. சேதி அமெரிக்கா வந்து சேர்ந்தப்போ தேர்தலைத் திருப்ப நேரம் இல்ல. தோத்துட்டார். தெரிஞ்சே பதவியை விட்டுக்கொடுத்து நாட்டைப் போர்லேர்ந்து காப்பாத்தினவர். இதுக்கு மேல ஒரு தலைவர்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?

தேன்மொழி

என்ன எதிர்பாக்கறோம்னா, தன்னைத் திட்டினவனை ஜெயில்ல போடக்கூடாதுன்னு எதிர்பாக்கறோம் சார்.

முழுக் கதையையும் சொல்லிட்டு அதே 1798-ஐ மட்டும் தாண்டிக் குதிச்சிட்டீங்க. அந்த வருஷம் ஜூலை 14-ஆம் தேதி ஆடம்ஸ் ஒரு வாய்ப்பூட்டுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தையோ காங்கிரஸையோ அதிபரையோ பத்திப் பொய்யா, கெட்ட எண்ணத்தோட எழுதினா, பேசினா, ரெண்டாயிரம் டாலர் வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. பேச்சுரிமைத் திருத்தம் அமலுக்கு வந்து ஏழு வருஷம்கூட ஆகல. ஈரம் காயலங்க.

சட்டம் எவ்வளவு தூரம் போச்சுன்னு ஒரு காட்சி. அதே மாசம் நியூஜெர்சியில நியூவார்க் ஊர் வழியா ஆடம்ஸ் வண்டியில போறார். மரியாதைக்கு பீரங்கி வெடிக்கிறாங்க. சாராயக்கடையில ஒருத்தன், "அதிபர் போறார், அவர் பின்பக்கத்தைப் பாத்துச் சுடறாங்க"ங்கறான். லூதர் பால்ட்வின்ங்கற குடிகாரர், "அதுக்குள்ளேயே பூந்து போனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னுட்டார். அவ்வளவுதான். வழக்கு, அபராதம், கட்டற வரைக்கும் உள்ள. ஒரு குடிகாரன் உளறல்ல கவிழ்ந்துடற அரசாங்கமா அது?

ரயில்பயணி

சிரிச்சு முடியல. பின்பக்கத்தைச் சொன்னதுக்குத் தேசத்துரோகமா 😂 அதையே துணை அதிபரைச் சொல்லியிருந்தா?

கோர்ட்டுவாசல்

ரயில்பயணி, நீங்க விளையாட்டுக்குக் கேட்டீங்க, பதில் நிஜமாவே இருக்கு. துணை அதிபரைத் திட்டினா குத்தம் இல்ல. சட்டத்துல அந்தப் பதவியே இல்ல. ஏன்னா அப்போ துணை அதிபர் ஜெஃபர்சன், எதிர்க்கட்சி. அந்தக் காலத் தேர்தல் முறையில ரெண்டாவதா வந்தவருக்குத் துணை அதிபர் பதவி. 1796-ல ஆடம்ஸுக்கு 71 ஓட்டு, ஜெஃபர்சனுக்கு 68 (மக்கள் போட்ட ஓட்டு இல்ல, மாநிலங்கள் அனுப்பற வாக்காளர் குழுவோட ஓட்டு; ஆளுக்கு ரெண்டு). இன்னொண்ணும் பாருங்க, சட்டம் 1801 மார்ச் 3-ஆம் தேதியோட தானா காலாவதி. மறுநாள் புது அதிபர் பதவியேற்கணும். ஆட்சி மாறினா அதே கத்தி நம்ம கழுத்துக்கு வரும்னு தெரிஞ்சவங்க வரைஞ்ச சட்டம் அது. தேதியே வாக்குமூலம்.

ஆனா நியாயத்துக்கு இதையும் சொல்லணும். அன்னிக்கு இங்கிலாந்துச் சட்டப்படி அவதூறு வழக்குல "நான் எழுதினது உண்மை"ங்கற வாதம் எடுபடாது. இந்தச் சட்டம் அந்த வாதத்தை அனுமதிச்சுது, ஜூரிக்கும் அதிகாரம் குடுத்தது. தாள்ல பாத்தா முன்னேற்றம். நடைமுறையில, "அதிபருக்கு அற்பப் பேராசை"ன்னு எழுதினவன் அதை எந்த சாட்சியை வெச்சு நிரூபிப்பான்? கருத்துக்கு ஏது சாட்சி?

வரலாற்றுப்பித்தன்

சட்டத்தை நான் நியாயப்படுத்தலையே. ஆடம்ஸ் அதைக் கேட்டு வாங்கல. காங்கிரஸ்ல அவர் கட்சிக்காரங்க கொண்டுவந்து நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டார். தப்புதான். ஆனா கூடவே வந்த வெளிநாட்டவர் சட்டத்துல யாரையும் முறைப்படி நாடு கடத்த அதிகாரம் இருந்தும் ஒருத்தரைக்கூட அவர் கடத்தல.

அப்புறம் ஆளோட குணம்னு ஒண்ணு இருக்கில்ல. 1770 மார்ச் 5-ல பாஸ்டன்ல பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டு அஞ்சு பேர் செத்தாங்க. ஊரே பழிவாங்கத் துடிக்குது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட வக்கீல்கள் தயங்கி நின்னப்போ ஆடம்ஸ் போனார். 35 வயசுகூட ஆகல, கர்ப்பிணி மனைவி வீட்டுல. கேப்டன் பிரெஸ்டன் விடுதலை. எட்டுச் சிப்பாய்கள்ல ஆறு பேர் விடுதலை. "உண்மைகள் பிடிவாதமானவை"ன்னு ஜூரிகிட்ட சொன்னது அங்கதான். தொழில்ல பாதி போச்சுன்னு பின்னாடி அவரே எழுதினார். ஊர் வாய்க்குப் பயப்படாதவர்ங்க.

ரயில்பயணி

மீதி ரெண்டு பேர்?

கோர்ட்டுவாசல்

கொலைக்குற்றம் இல்ல, அதுக்குக் கீழ்ப்பட்ட மரணம் விளைவித்த குற்றம்னு தீர்ப்பு. அதுக்கும் தூக்குதான். ஆனா பழைய தேவாலயக் காலத்துச் சலுகை ஒண்ணு சட்டத்துல ஒட்டிக்கிட்டிருந்தது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கேக்கலாம், உயிர் தப்பும். ரெண்டாவது தடவை கேக்காம இருக்க, கட்டைவிரல்ல பழுக்கக் காய்ச்சின இரும்பால சூடு வெச்சு அனுப்புவாங்க. அந்த ரெண்டு பேருக்கும் அப்படித்தான். கட்டைவிரலே குற்றப் பதிவேடு.

கருப்புமை

அந்த வழக்கில் ஆடம்ஸ் எப்படி வாதாடினார் என்பதையும் சொல்லிவிடுவோம். இறந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளி. கூட்டத்தை ஆடம்ஸ் ஜூரிக்கு வருணித்த விதம்: வாய்த்துடுக்குப் பையன்கள், கறுப்பர்கள், கலப்பினத்தார், ஐரிஷ்காரர்கள், எங்கிருந்தோ வந்த மாலுமிகள் சேர்ந்த கதம்பக் கும்பல். ஆட்டக்ஸின் தோற்றமே யாரையும் நடுங்க வைக்கும் என்றும் சொன்னார். அதாவது, இது நம் பாஸ்டன் கனவான்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூடு அல்ல, நீங்கள் கலங்க வேண்டாம் என்று ஜூரிக்கு ஜாடை காட்டினார். வழக்கறிஞர் கட்சிக்காரரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், ஒப்புக்கொள்கிறேன். வீரம் என்று மட்டும் மாலை போட வேண்டாம்.

அதே நேரம், முதல் அதிபர்கள் வரிசையில் வாழ்நாள் முழுதும் ஓர் அடிமையைக்கூட வைத்திருக்காதவர் இவர். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1780 அரசியலமைப்பை வரைந்தவர் ஆடம்ஸ். "எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள்" என்ற அதன் முதல் பிரிவைக் காட்டித்தான் மம் பெட் என்ற அடிமைப் பெண் 1781-ல் வழக்குப் போட்டு விடுதலை பெற்றார். ஆனால் 1777-ல் அடிமைகளை விடுவிக்கும் மசோதா வந்தபோது, அது கொஞ்ச காலம் தூங்கட்டும் என்று நண்பருக்கு எழுதியதும் இதே ஆடம்ஸ்தான். தென் மாநிலங்கள் கோபித்துக்கொள்ளும் என்ற பயம்.

கோர்ட்டுவாசல்

சின்னத் திருத்தம். ஆடம்ஸ் எழுதிக் கொடுத்த வரைவுல "சமமான சுதந்திரத்தோடும் தற்சார்போடும் பிறக்கிறார்கள்"னுதான் இருந்தது. "சுதந்திரமாகவும் சமமாகவும்"னு மாத்தினது மாநில அரசியலமைப்பு மாநாடு. மம் பெட் பிடிச்சுக்கிட்ட சொல் அவர் பேனாவுலேர்ந்து அப்படியே வந்தது இல்ல.

கருப்புமை

சரி. திருத்திக்கொள்கிறேன்.

தேன்மொழி

பெண்கள்னு வந்தா அதையும் ஒரு வரி போட்டுடறேன். 1776 மார்ச் 31-ல மனைவி அபிகெய்ல், "புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துடாதீங்க"ன்னு எழுதினாங்க. "உன் அபூர்வமான சட்டத்தொகுப்பைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது"ன்னு பதில். ஊர் வாய்க்குப் பயப்படாதவர் வீட்டு வாய்க்கும் பயப்படல!

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பித்தன் சார், "தெரிஞ்சே பதவியை விட்டுக்கொடுத்தார்"ங்கறதுதான் உங்க மொத்தக் கட்டடத்துக்கும் தூண். அதை உரசிப் பாப்போம். 1800-ல ஜெஃபர்சனுக்கு 73, ஆடம்ஸுக்கு 65. எட்டு ஓட்டு வித்தியாசம். நியூயார்க்குக்கு மட்டும் 12 ஓட்டு. 1796-ல அது ஆடம்ஸுக்கு விழுந்தது. 1800-ல நியூயார்க்கோட வாக்காளர் குழுவைத் தேர்ந்தெடுக்கறது மாநிலச் சட்டசபை. அந்தச் சட்டசபைத் தேர்தல்ல, நியூயார்க் நகரத்துல வீடு வீடா ஆள் பிடிச்சு ஜெஃபர்சன் கட்சிக்காரர் ஆரன் பர் ஜெயிச்சுக் காட்டினார். அந்த 12 இந்தப் பக்கம் வந்திருந்தா ஆடம்ஸ் 77, ஜெஃபர்சன் 61. நியூயார்க் தெருவுல ஓட்டுப் போட்டவன் பிரான்ஸ் சமாதானத்துக்குக் கோவிச்சுக்கிட்டா மாத்திப் போட்டான்? படைக்கும் கப்பலுக்கும்னு 1798-ல போட்ட வரி, வாய்ப்பூட்டு, ரெண்டும் கசந்துதான் போட்டான்.

அந்த வரி கதை தெரியுமா? வீட்டுக்கும் நிலத்துக்கும் அடிமைகளுக்கும் வரி. பென்சில்வேனியாவுல ஜெர்மன் பேசற கிராமங்கள்ல, வீட்டு மதிப்பு போட ஜன்னலை எண்ணிக்கிட்டு வந்த அதிகாரிங்க தலையில பெண்கள் மாடியிலேர்ந்து வெந்நீரை ஊத்தினாங்க. ஏலம் விடற தொழில் பாத்த ஜான் ஃப்ரைஸ்ங்கறவர் ஆள் திரட்டிப் போய் கைதானவங்களை மீட்டார். அவருக்குத் தேசத்துரோகம்னு தூக்குத் தண்டனை.

வரலாற்றுப்பித்தன்

அந்தத் தூக்குத் தண்டனையோட நிறுத்திட்டீங்களே! ஃப்ரைஸுக்கு மன்னிப்புக் குடுத்தது யாரு? ஆடம்ஸ். மந்திரிங்க "ரெண்டு பேரையாவது தூக்குல போட்டாத்தான் பயம் இருக்கும்"ங்கற மனநிலையில இருந்தப்போ, ஃப்ரைஸ் கேஸ்கட்டைத் தானே படிச்சு, இது கலவரம், துரோகம் இல்லன்னு முடிவு பண்ணி 1800 மே மாசம் எல்லாரையும் விட்டார்.

நியூயார்க் கணக்குச் சரிதான், மறுக்கல. ஆனா கட்சி ரெண்டா உடைஞ்சது எதனால? சமாதானத்தால. அதே மே மாசம் தனக்குக் குழி பறிச்ச மெக்ஹென்றி, பிக்கரிங்னு ரெண்டு மந்திரிகளை வெளிய அனுப்பினார். அக்டோபர்ல ஹாமில்டன், சொந்தக் கட்சி அதிபரைப் பத்தியே 54 பக்கத்துக்குத் திட்டி ஒரு பிரசுரம் போட்டார். தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி! எதிரி வேணுமா?

அப்புறம் அந்த 73. தென் மாநிலங்கள்ல ஓட்டே இல்லாத அடிமைகளை அஞ்சுக்கு மூணுன்னு தலைக்கணக்குல சேர்த்ததால வந்த ஓட்டுகளைக் கழிச்சா ஜெஃபர்சன் எங்க நிப்பார்?

கருப்புமை

அந்தக் கணக்கு சரி. ஆடம்ஸுக்கு எதிரான வித்தியாசம் எட்டு. அடிமைகளைச் சேர்த்து எண்ணியதால் ஜெஃபர்சன் பக்கம் கூடிய ஓட்டு அதைவிட அதிகம். ஆனால் அந்த விதி 1796-லும் இருந்தது, அப்போது ஜெயித்தது ஆடம்ஸ். விதிக்கு எதிராக அவர் அன்று குரல் எழுப்பவில்லை.

ரயில்பயணி

எனக்கு ஒரு சந்தேகம். வாய்ப்பூட்டுல மாட்டினவங்க எல்லாம் பத்திரிகைக்காரங்களா, இல்ல அரசியல்வாதியும் உண்டா?

தேன்மொழி

உண்டு. மேத்யூ லயன். அயர்லாந்துலேர்ந்து பையனா வந்து, கப்பல் கூலிக்காகக் கொத்தடிமையா உழைச்சு, வெர்மான்ட் மாநிலத்துலேர்ந்து காங்கிரஸ் உறுப்பினர் ஆனவர். ஆடம்ஸுக்கு ஆடம்பரத் தாகம், முகஸ்துதி ஆசை, பேராசைன்னு எழுதினார். நாலு மாசம் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். குளிர்காலத்துல கம்பிக்குள்ள இருந்துக்கிட்டே மறுபடி தேர்தல்ல நின்னு ஜெயிச்சார்.

இதுல உச்சம் என்னன்னா, 1800 தேர்தல்ல ஜெஃபர்சனும் அவரோட துணை அதிபர் வேட்பாளர் பர்ரும் 73-73 சமமா வந்து, பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு ஓட்டுன்னு போட வேண்டியதாச்சு. 35 சுற்று முடிவு இல்ல. வெர்மான்ட்டுக்கு ரெண்டே உறுப்பினர், எதிரெதிர்க் கட்சி. 36-ஆவது சுற்றுல அந்த இன்னொருத்தர் ஒதுங்கிக்கிட்டார். வெர்மான்ட் ஓட்டை ஜெஃபர்சனுக்குத் தனியாளாப் போட்டது யாரு? லயன். ஆடம்ஸ் ஜெயில்ல போட்ட ஆள்.

ரயில்பயணி

இதைப் படமா எடுத்தா "ரொம்ப சினிமாத்தனம்"னு விமர்சனம் வரும். அது சரி, ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே நாள்ல செத்தாங்களாமே?

வரலாற்றுப்பித்தன்

ஆமா, 1826 ஜூலை 4. சுதந்திரப் பிரகடனத்தோட ஐம்பதாவது வருஷம். இந்த ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும், விடுங்க. தெரியாதது, 1801 மார்ச் 4-ஆம் தேதி விடியக்காலை நாலு மணிக்கு அவர் வெள்ளை மாளிகையை விட்டுப் பொது வண்டியில ஏறிப் போனது. நாலு மாசம்தான் அந்த வீட்டுல இருந்தார். பூச்சு வேலைகூட முடியல. துவைச்ச துணியை அபிகெய்ல் கிழக்கு அறையில கொடி கட்டி உலர்த்தினாங்க. நவம்பர் கடைசியில ரெண்டாவது மகன் சார்லஸ் குடியால செத்துப்போனான். அதுக்கு மேல தோல்வி. ஆனா ஆட்சி ஒரு கட்சிகிட்டேர்ந்து எதிர்க்கட்சிக்கு ஒரு குண்டு வெடிக்காம கைமாறிச்சு.

தேன்மொழி

பதவியேற்புக்குக்கூட நிக்காம போனதைப் பெருந்தன்மையா எழுதற திறமை உங்களுக்குத்தான்.

கோர்ட்டுவாசல்

என்னைக் கேட்டா, ஆடம்ஸ் செஞ்சதுல இன்னிவரைக்கும் நிக்கிறது சமாதானமும் இல்ல, வாய்ப்பூட்டும் இல்ல. 1801 ஜனவரியில, தோத்த பிறகு, ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதியா நியமிச்சார் பாருங்க, அது. மார்ஷல் 34 வருஷம் அந்த நாற்காலியில இருந்தார். கடைசி ராத்திரி வரைக்கும் ஆடம்ஸ் நீதிபதி நியமனத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தார். அதுல கொண்டுபோய்ச் சேர்க்காம விட்ட ஒரு உத்தரவாலதான் 1803-ல மார்பரி வழக்கு. காங்கிரஸ் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லலாம்ங்கறது அங்க பிறந்தது. இன்னொரு வேடிக்கை, அந்த உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வெளியுறவு மந்திரியும் மார்ஷல்தான். ரெண்டு பதவியையும் ஒண்ணா வெச்சிருந்தார்.

தேன்மொழி

அது வேற திரிக்கான விஷயம், நான் வரேன் அங்க. இப்ப பித்தன் சார் சொன்ன ஒண்ணு பாக்கி இருக்கு. "கேட்டு வாங்கல, நீட்டினாங்க, போட்டார். ஒருத்தரையும் நாடு கடத்தல."

வில்லியம் டுவேன்னு ஒரு பத்திரிகை ஆசிரியர். இவர் கதை நம்ம பக்கம் தொடங்குது. கல்கத்தாவுல பத்திரிகை நடத்தி, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைக் கிழிச்சுத் தொங்கவிட்டதால கம்பெனி அவரைப் பிடிச்சுக் கப்பல் ஏத்தி இந்தியாவை விட்டே துரத்திச்சு. அங்க சுத்தி இங்க சுத்தி ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்தார். அங்க அரோராங்கற எதிர்க்கட்சிப் பத்திரிகை. நடத்தினவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினோட பேரன் பாஷ். ஆடம்ஸைக் கிழடு, சிடுமூஞ்சி, வழுக்கை, குருடு, முடம், பொக்கைவாய்னு எழுதினவர். பாஷைக் கைது பண்ணாங்க. வழக்கு நடக்கறதுக்குள்ள 1798 செப்டம்பர்ல மஞ்சள் காய்ச்சல்ல செத்துட்டார். 29 வயசு. அந்த நாற்காலியில டுவேன் உக்காந்தார்.

1799 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, டுவேனைப் பத்தி மந்திரி பிக்கரிங்குக்கு ஆடம்ஸ் கைப்பட எழுதின கடிதம் இருக்கு. அதுல அவர் சொல்றது (மொழிபெயர்ப்பு என்னுது): இந்த டுவேனோட ஈடு இணையில்லாத திமிருக்கு வெளிநாட்டவர் சட்டம் பாயத்தான் வேணும். அதோட பலத்தை இவன் மேல சோதிச்சுப் பாக்க நான் ரொம்பவே தயார்.

யாரும் நீட்டல சார். இவரே கேக்கறார். டுவேன் தான் அமெரிக்காவுல பிறந்தவன்னு சொல்லிக்கிட்டதால கப்பல் ஏறாம தப்பிச்சார். பதிலுக்கு வாய்ப்பூட்டுல வழக்குப் போட்டாங்க. ஜெஃபர்சன் வந்த பிறகுதான் அது போச்சு.

ரயில்பயணி

கல்கத்தாவுலேர்ந்து துரத்தினவரை அங்கேர்ந்தும் துரத்தப் பாத்தாங்களா! பாவம்யா.

வரலாற்றுப்பித்தன்

(ரெண்டு நாள் கழிச்சு)

கடிதத்தைத் தேடிப் படிச்சேன். தேன்மொழி சொன்னது அப்படியே இருக்கு. அரோரா மேல நடவடிக்கை எடுக்காத அரசு வக்கீல் அந்த வேலைக்கே லாயக்கில்லன்னும் அதே கடிதத்துல எழுதியிருக்கார். "நீட்டினாங்க, போட்டார்"னு நான் எழுதினது நிக்காது.

ஆனா பிப்ரவரியில சமாதானத் தூது, ஆகஸ்ட்ல இந்தக் கடிதம். ரெண்டும் ஒரே 1799, ஒரே கை. தன் கல்லறையில இப்படி எழுதினா போதும்னு பின்னாடி ஒரு நண்பருக்கு ஆடம்ஸ் எழுதினார்: "1800-ஆம் ஆண்டில் பிரான்ஸோடு சமாதானம் என்னும் பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்ட ஜான் ஆடம்ஸ் இங்கே உறங்குகிறான்." அதை நான் இன்னும் நம்பறேன். போர்ல சாகாத பையன்கள் எத்தனை பேர்னு எண்ண முடியாது, அதனாலதான் அந்தப் பக்கம் தராசு எப்பவும் லேசாத் தெரியுது.

முதல் பதிவுல "தெரிஞ்சே பதவியை விட்டுக்கொடுத்து"ங்கறதை "கட்சி உடையும்னு தெரிஞ்சே"ன்னு மாத்திப் படிச்சுக்கோங்க. மத்தபடி ஒரு எழுத்தும் மாத்தல.

தேன்மொழி

பாத்தேன். தலைப்புல வாய்ப்பூட்டை முன்னாடி போடுங்க.

வரலாற்றுப்பித்தன்

தலைப்பை மாத்த மட்டுறுத்துநர்கிட்டதான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்.